வெள்ளிக்கிழமைப் பாங்கு

மடவளையில் நஸ்லியாவைத் தெரியாத ஆள் இல்லை. ஓரிடத்தில் இருந்தால்தானே தெரியாமல் போவதற்கு! வெங்காயம் வாங்கப் போய், மூன்று வீட்டில் கதைத்து, கடைசியில் கொத்தமல்லியோடு திரும்புகிற மனுஷி. போன வருஷம்தான் கண்டி டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார்: ஏடிஎச்டி. "இது சோம்பல் இல்ல, உங்கட மூளை வேலை செய்ற விதம்" என்றார். நஸ்லியா அங்கேயே அழுதுவிட்டாள். சின்னதிலிருந்து எத்தனை ஏச்சு வாங்கியிருப்பாள்!

போனில் அலாரம் வைத்துப் பார்த்தாள். அடித்ததும் நிறுத்துவாள், நிறுத்தியதும் மறப்பாள். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கை யார் நிறுத்துவது? அதனால் நாள் முழுவதையும் பாங்கில் கட்டிவிட்டாள். மத்தியான லுஹர் பாங்கு கேட்டால் செருப்பைப் போட்டு ஓட வேண்டும். மகள் ஸுமைராவின் வகுப்பு விடுகிற நேரமும் அதுதான்.

அப்படியும் இரண்டு தரம் பிந்திவிட்டாள். புருஷன் இல்ஹாம் கத்தவில்லை. "இன்னொருக்கா புள்ள தனிய நிண்டா, அக்குறணைல உங்கட உம்மாட வீட்டுல இருந்து படிக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையைக் கூட்டிவருவது இல்ஹாம். இந்த வெள்ளி கடையில் சாமான் இறக்கும் வேலை. "நான் நேரா ஜும்ஆ தொழுகைக்கு வாரேன், நீங்க போங்க" என்றார்.

நஸ்லியா அரிசியை ஊறவிட்டாள். துணி எடுக்கப் போனவள், அலுமாரி திறந்து கிடந்ததால் மடிக்க உட்கார்ந்தாள். மடிக்கும்போது தலைக்குப் போடும் ஒரு சோலில் தையல் விட்டிருந்தது, மெஷினைத் திறந்தாள். ஊசியில் நூல் கோத்தபோது பாங்கு கேட்டது. அப்படியே போட்டுவிட்டு எழும்பினாள். அல்ஹம்துலில்லாஹ், இன்றைக்கு யாரும் ஒரு குறை சொல்லட்டும் பார்ப்போம்!

ஸ்கூல் கேட்டில் பூட்டு தொங்கியது.

அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை! ஜும்ஆவுக்காக ஸ்கூலை முன்னரே விட்டுவிடுவார்களே! யா அல்லாஹ், விட்டு ஒரு மணித்தியாலமாவது இருக்கும். ஆம்பிளைகளெல்லாம் பள்ளிவாசலுக்குள் போய்விட்டார்கள், ரோட்டில் கேட்பதற்கும் ஆளில்லை. மதிலைச் சுற்றி ஓடினாள்.

மதில் மூலையில் ஜேம் பழ மரத்தடியில் ஸுமைரா குந்தியிருந்தாள். ஒரு காலில் சப்பாத்து இல்லை. பிஸ்கட் துண்டை இழுத்துப் போகும் எறும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மகள்! பயந்துட்டீங்களா?"

பிள்ளை அண்ணாந்து பார்த்தாள். "ஏன் உம்மா? இப்பதானே பெல் அடிச்சிச்சு."

நஸ்லியாவுக்குச் சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றது.

ஜும்ஆவுக்கு அவசரமாக அந்த வழியால் வந்த இல்ஹாம் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். "என்ன, இன்னும் இங்க?"

"உம்மா பெல் அடிச்சதும் வந்தாங்க வாப்பா" என்றாள் ஸுமைரா. பொய் சொல்கிற முகமே இல்லை. இல்ஹாமின் முகம் மலர்ந்தது. நஸ்லியா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தப்பிவிடலாம்.

"இல்ல" என்றாள். "நான் நல்லாப் பிந்திட்டேன். எவ்ளோ நேரம் போனதெண்டு இவளுக்கே தெரியல்ல. இவளும் என்னப் போலதான்."

இல்ஹாம் பிள்ளையின் வெறுங்காலைப் பார்த்தார்.

"என்ட உம்மாட வீட்டுக்கு அனுப்பினா, எனக்கு ஏசின மாதிரிதான் இவளுக்கும் ஏசுவாங்க" என்றாள் நஸ்லியா. "அனுப்ப விட மாட்டேன்."