அச்சில் வராத குறிகள்

காஞ்சிபுரத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு ஒரே ஒருமுறை வந்தவர் அவர். பட்டு நெய்கிறவர். நான் நீட்டிய ஒவ்வொரு தாளையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தே வாங்கினார், சேலையில் இழை அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

பென்டிரைவில் மகளின் கல்லூரி ப்ராஜெக்ட் இருந்தது.

"அவ கடைசியா அடிச்சதுமா. முடிக்கிறதுக்குள்ள போய்ட்டா. காலேஜுல குடுக்க இல்ல, வூட்ல வெக்க."

கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது. மறைந்திருக்கும் குறிகளைத் திரையில் வரவழைத்தேன். பக்கம் முழுக்க, ஒன்றன்கீழ் ஒன்றாக எண்டர் குறிகள். மொத்தமாக அழித்தேன். பக்கம் போய்விட்டது.

"இன்னாமா அது, வரிசையா இருந்துச்சே?"

"எண்டர் தட்டினா விழுற குறிங்க. தேவையில்லாம நிறைய வாட்டி தட்டியிருக்காங்க. அதான் வெத்துப் பக்கம் வந்துக்கினு இருந்துச்சு."

"எம் பொண்ணு தட்னதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தேன். அவர் குனிந்து, பாவு இழைகளை எண்ணுவதுபோல ஒவ்வொரு குறியாக விரல்வைத்து எண்ணினார்.

"இருவத்தி மூணு. இருக்கட்டும்மா."

அந்தக் குறிகள் அச்சில் வராது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கடைசித் தாள் வெள்ளையாக வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் மேலிருந்து கீழே மெல்லத் தடவினார்.

"கண்ணுக்குத் தெரியல. ஆனா இருக்குதுல்ல?"

"இருக்குதுங்க" என்றேன்.

அந்தத் தாளில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் நான் சொன்னது பொய் என்று இன்றுவரை என்னால் நினைக்க முடியவில்லை.