பிரிவதற்கென்று செய்த பூட்டு

பள்ளிவாசல்துறை இப்றாஹிம் பஸ்ஸில் ஏறினால் உட்காரமாட்டார். சாரதிக்குப் பின்னால் நின்று பிரேக் மிதிக்கும் காலைப் பார்த்துக்கொண்டே போவார். யுத்தம் முடிந்து மூன்று வருடமாகியும் கடலுக்குப் போகக் கடற்படை கொடுத்த பாஸைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தார். இப்போது யாரும் அதைக் கேட்பதில்லை. இனிமேலும் கேட்கமாட்டார்கள் என்று யார் சொன்னது?

கடலில் போடும் எதற்கும் அவரிடம் இரண்டு கயிறு. வலைக்கு, நங்கூரத்துக்கு, தண்ணீர்க் கேனுக்குக்கூட. அந்தக் கரையில் எல்லோரும் அப்படித்தான். இரண்டாவதைக் காவல் கயிறு என்பார்கள்.

அந்த வருடம் கரையிலிருந்து இரண்டு மைல் தூரத்தில் ஓர் எண்ணெய்க் கப்பல் வந்து நின்றது. அதிலிருந்து தடித்த ரப்பர் குழாய் மிதந்து போய்க் கடலடிக் குழாயோடு சேரும். அந்த வழியாகக் கரையிலிருக்கும் டாங்கிகளுக்கு டீசல் போகும். குழாயில் கசிவு உண்டா என்று பார்க்க உள்ளூர் ஆள் ஒருவர் தேவை என்றார்கள் கம்பெனிக்காரர்கள். யாரும் போகவில்லை. இப்றாஹிம் போனார்.

"கம்பெனிக்காரன் ஆயிட்டீங்களா மச்சான்?" என்று கேட்டார் ஹயாத்து முகம்மது. அவர் இப்றாஹிமின் மனைவி அலீமாவுக்கு நானா, கூடப்பிறந்த அண்ணன். இப்றாஹிம் தொழிலுக்குப் போன தோணியும் அவருடையது.

"நம்பாததாலதான் போறன். கிட்ட நிண்டு பாக்கத்தான். ஒரு சொட்டு கசிஞ்சாலும் முதல்ல வந்து சொல்றது நான்."

"சொல்லுவீங்க. அவங்க சொல்லச் சொன்னத."

அடுத்த வாரம் தோணியில் இப்றாஹிமின் இடத்தில் வேறொருவர் ஏறினார்.

குழாய் வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் உடப்பைச் சேர்ந்த சதீஸ். முதல் நாளே என்ஜின் படகில் கூட்டிப்போய்க் குழாயின் நடுவிலிருந்த இரும்பு இணைப்பைக் காட்டினார்.

"இதுதான் நானா கப்ளிங். ரெண்டு பாதி. கப்பல் அளவுக்கு மிஞ்சி இழுத்தா இந்த போல்ட்டெல்லாம் முறியும். பாதி ரெண்டும் தனித்தனியாப் போகும். போகேக்கையே உள்ளுக்கு ரெண்டு பக்கமும் வால்வு மூடிரும்."

"பிரியிறதுக்கெண்டே செஞ்சதா?"

"ஓம்."

"அப்ப என்னத்துக்குப் பூட்டினீங்க? பக்கத்துல பக்கத்துல வச்சாப் போதுமே."

சதீஸ் சிரித்தார். "இத நம்புங்க நானா."

நம்பச் சொன்னதுதான் பிழையாகப் போனது. இப்றாஹிம் பல நாட்கள் அதை யோசித்தார். ஆபத்து வந்தால் கப்பல் கழன்று ஓடிவிடும். குழாய் எங்கள் கடலில் கிடக்கும். முறிவதற்கென்று போல்ட் செய்கிறவன் யாருடைய நன்மைக்குச் செய்வான்? வால்வு மூடும் என்கிறார்கள். மூடியதை யார் கண்டது?

ஒரு நாள் சதீஸ் சாப்பிடக் கப்பலில் ஏறியபோது, இப்றாஹிம் கப்ளிங்கின் இந்தப் பக்கத்து இரும்புக் காது வளையத்திலிருந்து அந்தப் பக்கத்துக் காதுக்கு நைலோன் கயிற்றை எட்டுச் சுற்றுச் சுற்றி இறுக்கினார். மேலே மிதவை உறையை இழுத்து மூடினார். உறையைத் திறந்து பார்க்க வேண்டிய ஆளும் அவர்தான்.

மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்கிய பிறகு ஒரு காலையில் கப்பலின் நங்கூரச் சங்கிலி அறுந்தது. கப்பல் பின்பக்கமாகச் சுழன்றது. குழாய் நீரைவிட்டு எழும்பி விறைத்தது. படகிலிருந்த இருவருக்கும் போல்ட்டுகள் ஒவ்வொன்றாக முறியும் சத்தம் கேட்டது. உறை கிழிந்தது. ஆனால் பாதிகள் முழுதாகப் பிரியவில்லை, வால்வும் மூடவில்லை. நான்கு விரல் இடைவெளியில் டீசல் சுற்றிவர அடித்தது.

சதீஸ் வோக்கிடோக்கியில் பம்ப்பை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். பிறகுதான் கயிற்றைக் கண்டார்.

"இது யாரு கட்டினது?"

இப்றாஹிம் கத்தியை எடுத்துவிட்டிருந்தார். டீசல் முகத்தில் அடிக்க, கண்ணை மூடிக்கொண்டு அறுத்தார். ஆறாவது சுற்றில் மீதி தானாக அறுந்தது. பாதிகள் துள்ளி விலகின. உள்ளே இரண்டு தடவை இரும்பு அடித்தது. அவ்வளவுதான். இரண்டு இரும்பு வாய்களும் மூடியபடி அலையில் ஆடின. அவர் கண் எரிய எரியப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

"நான்தான்" என்றார்.

"கயிறு இல்லாட்டி ஒரு வாளிகூட விழுந்திருக்காது நானா" என்றார் சதீஸ். அவருக்குக் கோபப்படவும் நேரமில்லை.

டீசல் காற்றோடு கரைக்குப் போனது. ஹயாத்து முகம்மதுவின் கரைவலை அப்போது தண்ணீரில் இருந்தது. அஸர் தொழுகைக்கு முன் வலையை இழுத்துப் போட்டார்கள். மீனெல்லாம் டீசல் நாறியது. இப்றாஹிம் உடுப்பு மாற்றாமலே அங்கே போய், கயிறு கட்டியதிலிருந்து வேலை போனது வரை எல்லாம் சொன்னார். ஹயாத்து முகம்மது கடைசி வரை கேட்டார்.

"கப்ளிங் நல்லது. உங்கட கயிறுதான் பிழை. அப்படித்தானே?"

"ஓம்."

"நல்லாச் சொல்லித் தந்திரிக்கிறாங்க."

"யாரும் சொல்லித் தரல்ல மச்சான்."

"இரும்பு பிழை விடல்ல. கம்பெனி பிழை விடல்ல. பள்ளிவாசல்துறைக்காரன்தான் பிழை விட்டான். எந்தக் கோர்ட்டுலயும் எடுபடும்."

வலையைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர் சிரித்தார்.

"வேலையால நிப்பாட்டிட்டாங்க எண்டு சொல்றனே."

"நிப்பாட்டத்தான் வேணும். இல்லாட்டி இந்தக் கதைய நாங்க நம்பமாட்டமே."

அவர்கள் சவர்க்காரத் தூள் போட்டு வலையைக் கழுவத் தொடங்கினார்கள். இப்றாஹிம் ஒரு முனையைத் தூக்கக் குனிந்தார். யாரோ அதைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வீட்டில் அலீமா அவருடைய சேர்ட்டை வாங்கித் தூரப் பிடித்தாள்.

"நானா என்ன சொன்னார்?"

"நம்பல்ல."

"அவர்ர இடத்துல நீங்க இருந்தா?"

இப்றாஹிம் கிணற்றடியில் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்தார்.

"கதையச் சொல்லி முடிக்கவே விட்டிருக்கமாட்டன்" என்றார்.