நாக்கில் தேய்த்த வசம்பு

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. என் மகனுக்கு ஏழு வயது. புது மனிதர்கள் முன்னால் வாயே திறக்க மாட்டான். வீட்டில் அப்படியில்லை, தங்கையோடு சேர்ந்தால் வீடு இரண்டாகிவிடும். அவளுக்கு ஐந்து வயது. அவள் பஸ் கண்டக்டரிடம்கூட ஊர்க்கதை கேட்பாள். இருவரையும் அப்படியே எனக்குப் பிடித்திருக்கிறது. சொந்தக்காரர்களுக்குத்தான் பொறுக்கவில்லை.

போன மாதம் வாலாஜாபாத்தில் நாத்தனார் பேத்திக்குக் காதுகுத்து. காஞ்சிபுரத்திலிருந்து பிள்ளைகளோடு போயிருந்தேன். வீடு கொள்ளாத சனம். மகன் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"என்னாடா, பொம்பளப் புள்ள மாதிரி ஒளிஞ்சிக்கினு நிக்கற?" என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? அந்தப் பக்கம் என் மகள் நாலு பேரைச் சேர்த்து வைத்துக் கதையளந்துகொண்டிருந்தாள். அவள் உதட்டை ஓர் அத்தை கிள்ளினாள். "பொட்டப் புள்ளைக்கு இவ்ளோ வாயா? அடக்கமா உக்காரு." ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் இரண்டும் நடந்தன.

நான் சமையலறைக்குப் போய் வருவதற்குள் நாத்தனார் என் மகனை மடியில் போட்டு அமுக்கிப் பிடித்திருந்தார். வசம்பை விளக்கில் சுட்டு, தேனில் உரசி, அவன் நாக்கில் தேய்த்துக்கொண்டிருந்தார். பேச்சு வராத கைக்குழந்தைக்குச் செய்வது அது. இவனுக்குப் பேச்சு வராமலா இருக்கிறது?

"தோ பாரும்மா, கூச்சமெல்லாம் போயிடும். ஆம்பளப் புள்ள, நாளைக்கு எப்பிடிப் பொழைக்கறது?"

அவனுக்குக் குமட்டியது. அவனைப் பிடுங்கிக்கொண்டு போய் வாய் கொப்பளிக்க வைத்தேன். பெண் பார்க்க வந்த அன்று, "தங்கமான பொண்ணு, வாயே தொறக்கல" என்று என்னைப் பார்த்துப் பூரித்தவர் இதே நாத்தனார். நானோ பட்டுக்கடையில் நாளெல்லாம் தொண்டை வறளப் பேசித்தான் புடவை விற்கிறேன்.

திரும்பி வந்து, "அண்ணி, அவன் நாக்குல ஒரு கோளாறும் இல்ல. உங்களப் பாத்தாதான் அவனுக்குப் பேசப் புடிக்கல" என்றேன்.

"அமைதியான பொண்ணுன்னு நம்பித்தான எடுத்தோம்" என்று அவர் மூக்கைச் சிந்தினார். நான் விடுவதாக இல்லை.

அப்போது மகள் ஓடி வந்து என் இடுப்பில் தொற்றிக்கொண்டாள். உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள்.

"பேசாதம்மா. அண்ணந்தான் பேசணும். நாமெல்லாம் பொண்ணுங்க" என்றாள், வேறு யாருக்கும் கேட்காத குரலில்.

அரை நாளில் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அந்தக் கையை எடுத்துவிட்டு மீதியையும் பேசினேன், அவள் காதில் விழ வேண்டும் என்றே இன்னும் உரக்க.