இடைவேளைக்குப் பின் வந்த அம்மா

ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால் அன்றைக்கே டைரியில் அதைப் பற்றி எழுதிவிடுவேன். என் கருத்து முதலில், அதற்குக் கீழே என் மனைவியின் கருத்து. சமீபத்தில் பார்த்த போலீஸ் படத்துக்கு நான் எழுதியது: "விசாரணைக் காட்சிகள் நம்பும்படி இருந்தன. பின்னணி இசை வசனத்தை விழுங்கிவிட்டது." அவள் சொன்னது: "அந்த ஸ்டேஷன்ல ஒருத்தர்கூட சாப்பிடவே இல்ல." பேய்ப் படத்துக்கு என்னுடையது: "முதல் பாதி விறுவிறுப்பு, இரண்டாம் பாதி இழுவை." அவளுடையது: "பேய் பாவம்." ஒரு காதல் படத்துக்குப் பாடல்கள், ஒளிப்பதிவு, வெளிநாட்டுக் காட்சிகள் என்று நான் அரைப் பக்கம் எழுத, அவள் துணி மடித்துக்கொண்டே, "அவனுக்கு அந்தப் பொண்ணு ஜாஸ்தி" என்று முடித்துவிட்டாள்.

சில மாதம் கழித்துப் புரட்டும்போது எனக்குப் படம் நினைவுக்கு வருவது அவள் வரியிலிருந்துதான்.

அதனால், இனி தியேட்டருக்கு வரப்போவதில்லை என்று அவள் சொன்னபோது கொஞ்சம் ஆடிப்போனேன். அடுத்தடுத்துக் கூட்டிக்கொண்டு போன அடிதடிப் படங்கள்தான் காரணம். "வீட்டுக்கு வந்தப்புறமும் காதுக்குள்ள கிரைண்டர் ஓடுதுங்க. கடைசியா இன்னும் ஒண்ணு வரேன். அதுவும் இப்படின்னா நீங்க தனியா போய்ட்டு வாங்க. நான் டிவில வர்றப்ப பாத்துக்கறேன்."

அந்த ஒன்றை மிகுந்த கவனத்தோடு தேர்ந்தெடுத்தேன். குடும்பத்தோடு பார்க்கலாம் என்று விளம்பரத்தில் இருந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு வார நாளில் காலைக் காட்சிக்கு, பீர்க்கன்கரணையிலிருந்து ஸ்கூட்டரில் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக நாவலூர் போனோம். பல திரைகள் உள்ள தியேட்டர். பக்கத்து ஐடி கம்பெனிக்காரர்கள் எல்லாம் வேலையில் இருந்ததால் அரங்கம் ஏறக்குறைய காலி. எனக்கு நம்பிக்கையாக இருந்தது.

படத்தில் வந்த குடும்பத்தை வில்லன் முதல் பாட்டுக்கு முன்பே தீர்த்துக்கட்டிவிட்டான். மிஞ்சியது கதாநாயகன் மட்டும். அவனுடைய அம்மா அவன் சின்ன வயதிலேயே மலைப்பாதையில் கார் கவிழ்ந்து இறந்துபோனாள் என்று ஒரு வசனம் வந்தது. அதற்குப் பிறகு ஒரே வெட்டுக்குத்து. கடைசியில் அவன் நெஞ்சில் குண்டு பாய்ந்து, பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்து, தண்ணீருக்கடியில் "அம்மா" என்றான். இடைவேளை. பக்கத்தில் என் மனைவி முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"பாப்கார்ன் வாங்கிட்டு வருவோம் வா," என்றேன்.

பக்கத்து அரங்குக்கும் அதே நேரத்தில் இடைவேளை விட்டிருந்தார்கள்; கவுண்டரில் ஒரே ஆள் என்பதால் வரிசை நகரவே இல்லை. கையில் பாப்கார்னும் காபியுமாகத் திரும்பும்போது விளக்கை அணைத்துவிட்டார்கள். இருட்டில் எங்கள் வரிசையையும் இருக்கையையும் சரிபார்த்துத்தான் உட்கார்ந்தேன்.

திரையில் ஒரு மலை ஊர். ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி டிரைவிங் ஸ்கூல் காரை ரிவர்ஸ் எடுத்துப் பூந்தொட்டியை இடித்தாள்.

"ஃபிளாஷ்பேக்," என்று கிசுகிசுத்தேன். "ஹீரோவோட அம்மா."

"அதான் தெரியுதே. மூக்கு அப்படியே அவனுக்கு வந்திருக்கு பாருங்க."

அந்தப் பெண் காய்கறிக் கடை வைத்திருந்தாள். ஊரே கேலி செய்தும் விடியற்காலையில் கார் ஓட்டப் பழகினாள். லைசென்ஸுக்கு எட்டுப் போடும்போது ஒருமுறை தோற்றாள். துப்பாக்கி இல்லை, அருவாள் இல்லை. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் பாப்கார்னைத் தொடவில்லை. கார் கவிழ்ந்து சாகப்போகிறவள் அல்லவா அவள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போவாதம்மா. பஸ்ல போயேன்," என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினாள்.

"மகன் எங்க, இன்னும் காணோமே," என்றேன் நான்.

"ஹாஸ்டல்ல இருப்பான். வராம இருக்கறதே நல்லது."

மழையில் ஒரு வளைவு வந்தது. எதிரே லாரி. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவள் நிதானமாக ஒதுங்கி வழிவிட்டு, ஹார்ன் அடித்து, மேலே ஏறிப் போனாள். உச்சியில் காரை நிறுத்தி, தானே வாங்கிய டீயைக் குடித்தாள். படம் முடிந்தது.

மனைவி கைதட்டினாள். முன்னால் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சாகலைங்க," என்றாள். கண் கலங்கியிருந்தது.

எனக்குப் பெயர்ப் பட்டியல் முழுவதும் படித்துவிட்டுத்தான் எழுந்திருக்கும் பழக்கம். கதாநாயகன் பெயர் அதில் இல்லை. வில்லன் பெயரும் இல்லை. படத்தின் பெயரே வேறாக இருந்தது. வாசலில் நின்ற ஊழியரிடம் டிக்கெட்டைக் காட்டினேன்.

"சார், இது மூணாம் ஸ்கிரீன். உன்து ரெண்டு. அந்தப் படம் இன்னும் ஓடிக்கினு கீது," என்றார். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்ளோ நேரம் இன்னா சார் பாத்துகினு இருந்தீங்க?"

"ஃபிளாஷ்பேக்குன்னு நினைச்சோம்ணா," என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "மூக்கு வேற ஒத்துப்போச்சு."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இப்ப போனாக்கூட கிளைமாக்ஸ் ஃபைட்டு பாக்கலாம் மேடம்."

"அவன் பொழைச்சுட்டானா?"

"அவரு எங்க சாவப் போறாரு."

"அப்ப சரி, இருக்கட்டும்."

வீட்டுக்குக் கிளம்ப ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். இருபது வருடமாக எல்லாவற்றையும் சரிபார்க்கிற ஆள் நான், கதவில் இருந்த எண்ணை மட்டும் பார்க்கவில்லை. அவள் நகராமல் கைபேசியில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அவ எதுக்குக் கார் கத்துக்கிட்டான்னே தெரியலையே. இதே படத்துக்கு மத்தியானக் காட்சி இருக்கு. ரெண்டு டிக்கெட் போட்டுட்டேன். வாங்க, முதல்ல சாப்பிடலாம்."

தியேட்டர் டிக்கெட்டை அவளாக எடுத்தது அதுதான் முதல் தடவை. அவளுக்குத் தெரியாமல் சந்தோஷப்பட முயன்றேன். முடியவில்லை. "பல்லைக் காட்டாதீங்க," என்றாள்.

மத்தியானம் முதல் பாதி பார்த்தோம். கணவன் இறந்த பிறகு எங்கே போவதென்றாலும் யாராவது கூட்டிப்போகக் காத்திருந்தவள் அந்தப் பெண். ஒரு நாள் காத்திருந்து அலுத்துப்போய் டிரைவிங் ஸ்கூல் படியேறினாள். நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். ஆனால் சாக மாட்டாள் என்று தெரிந்துவிட்டதால் காலையில் இருந்த பதைப்பு இல்லை. அதைத்தான் என் கருத்தாக அன்று ராத்திரி டைரியில் எழுதினேன். அவள் கருத்து: "அடுத்த வாரம் எந்தப் படம்னு நான் சொல்றேன்."

அந்த மத்தியானக் காட்சியின் இடைவேளையில் விளக்குப் போட்டதும் வழக்கம்போல் எழுந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீங்க அசையாதீங்க. பாப்கார்ன் நான் வாங்கிட்டு வரேன்."