கிரேன்காரர் செய்த கம்மல்

தெருவில் போகிறவர்கள் முதன்முதலாக அவரை அந்தக் கோலத்தில் பார்த்தபோது அவர் கழுத்தில் நீலமணி மாலை ஒன்று கிடந்தது. தரைத்தள வீடு, தெருவை ஒட்டிய ஜன்னல். வாசலையே அடைத்துக்கொண்டு நிற்கிற தோளும் தடித்த மீசையுமாக ஒரு மனிதர் மாலையைப் போட்டுக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் திருப்பினால் யார்தான் சும்மா போவார்கள்? கம்பி முனை எங்கேயாவது கழுத்தைக் கீறுகிறதா என்று அவர் சோதித்துக்கொண்டிருந்தார். அது தெருவுக்குத் தெரியாது. சைக்கிளில் போன ஒருவன் காலை ஊன்றி நின்று, "என்னக்கா, மாலை புதுசா?" என்று கேட்டுவிட்டு மிதித்துப் போனான்.

அன்று வரை ஜன்னலுக்குத் திரை இருந்தது. காற்றில் விலகியதால்தான் அந்த ஆள் பார்த்தான். அவர் எழுந்தார். விறைத்துப்போன வலது காலை இழுத்துக்கொண்டு போய்த் திரையைக் கம்பியோடு கழற்றிச் சுருட்டி மனைவியிடம் கொடுத்தார்.

"இதை எதுக்காவது வெட்டித் தச்சுக்கோ. இனிமே வேண்டாம்."

"வெயில் அடிக்குமே."

"அடிக்கட்டும். மணியோட நிறம் நல்லாத் தெரியும்."

துறைமுகத்தில் அவரைக் கிரேன்காரர் என்றுதான் சொல்வார்கள். வீட்டிலும் தெருவிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. வானத்தில் தொங்குகிற கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வீடு அளவு பெட்டிகளைக் கப்பலிலிருந்து தூக்கி லாரியின் முதுகில் பூப்போல வைக்கிற வேலை. அதற்குப் பலம் வேண்டும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் கைப்பிடியை ஒரு மயிரிழை நகர்த்தினால் போதும்; அதற்கு மேல் நகர்த்தினால் கீழே ஆள் இருக்க மாட்டான். வாழ்நாளில் பாதியை அவர் அந்த மயிரிழையில்தான் கழித்தார்.

ஒரு மழை நாளில் கூண்டிலிருந்து இறங்கும்போது ஏணிப்படி வழுக்கியது. கால் பல இடங்களில் உடைந்தது. ஒட்டியது, ஆனால் மடங்கவில்லை. நிர்வாகம் அவரைக் கூப்பிட்டு, வாசல் கூண்டில் உட்கார்ந்து வண்டிகளுக்கு முத்திரை குத்தும் வேலை தருவதாகச் சொன்னது. "மேலே இருந்து எல்லாரையும் பார்த்தவன் நான். கீழே உட்கார்ந்து டயரைப் பார்க்கச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிடிவாதம் அவருக்குப் புதிதல்ல.

ஆனால் பிடிவாதத்தை வைத்துக்கொண்டு பொழுதைப் போக்க முடியாதே. வீட்டில் உட்கார்ந்தவர் குழாய் சொட்டுவதற்குச் சண்டை போட்டார், கதவு கிறீச்சிடுவதற்குச் சண்டை போட்டார். எதிர்வீட்டு நாய் குரைத்தால் அதற்கும் பதில் சொன்னார். மனைவிக்கு மருத்துவமனையில் வார்டு உதவியாளர் வேலை. அங்கே ஒரு வார்டு முழுக்க நோயாளிகள் இருப்பது வீட்டிலுள்ள ஒருவரைவிடத் தேவலை என்று அவள் மகளிடம் சொன்னாள். கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னாள்.

அவள் கழுத்தில் போட்டிருந்த மணிமாலை ஒருநாள் பேருந்து நெரிசலில் அறுந்தது. பொறுக்க முடிந்த மணிகளைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து மேசையில் போட்டாள். நூலில் கோத்தால் மறுபடி அறுந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. மூலையில் இருந்த மேசை விசிறியைப் பிரித்து, அதன் மோட்டாரில் சுற்றியிருந்த மெல்லிய செம்புக் கம்பியை உருவினார்.

வேலை முடிந்து வந்த மனைவி பார்த்தாள். "விசிறி நல்லாத்தானே ஓடிட்டிருந்தது?"

"இனிமே ஓடாது."

மாலை கோத்தாகிவிட்டது. ஒவ்வொரு மணிக்குள்ளும் கம்பியை விட்டு, இரு பக்கமும் சின்ன வளையம் வளைத்து, வளையத்தை வளையத்தில் மாட்டியிருந்தார். குறடு கடித்த பல் தழும்பு கம்பி முழுக்கத் தெரிந்தது. இருந்தாலும் மனைவி அதைப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனாள். திரும்பி வந்தவள், "நர்ஸம்மா ஒருத்தங்க கம்மல் இந்த மாதிரி கிடைக்குமான்னு கேக்கறாங்க" என்றாள். அவர் மிச்சமிருந்த கம்பியை எடுத்துக்கொண்டு மறுபடி மேசையில் உட்கார்ந்தார். அன்று நாய் குரைத்ததும் அவர் காதில் விழவில்லை.

முதல் ஜோடிக் கம்மல் நங்கூரம் மாதிரி இருந்தது. மனைவி போட்டுப் பார்த்தபோது காது மடல் தோளைத் தொடப் பார்த்தது. இரண்டாவது ஜோடியில் ஒன்று நீளம், ஒன்று குட்டை. கழற்றினார், மறுபடி வளைத்தார். அடிக்கடி வளைத்த கம்பி சோர்ந்துபோய்ப் பட்டென்று முறியும் என்பதைக் கற்றுக்கொண்டார். நுனி உருண்டையான குறடு ஒன்று வாங்கினார். அதன் மூக்கில் கம்பியைச் சுற்றினால் வளையம் வட்டமாக வந்தது. மணி உருளாமல் இருக்க மேசையில் தடித்த துவாலை விரித்தார். பழைய டப்பா மூடிகளில் நிறம் வாரியாக மணிகளைப் பிரித்து வைத்தார். வெட்டிய கம்பி முனையை உள்ளே மடித்து, அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து, கடைசியில் தன் கழுத்திலேயே போட்டுப் பார்ப்பார். வேறு யார் கழுத்தைக் கீறிப் பார்ப்பது?

திரை போன பிறகு ஜன்னல் கிட்டத்தட்ட மேடை மாதிரி ஆகிவிட்டது. துறைமுகத்துப் பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் பார்க்க வந்து, தேநீர் குடித்துவிட்டு, "வளையல்காரம்மா, வர்றோம்" என்று சொல்லிப் போனார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். அந்தப் பெயர் துறைமுகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் அடுத்த நாள் ஓர் அட்டையில், 'கம்மல், மாலை, வளையல் இங்கே செய்யப்படும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஜன்னலில் மாட்டினார். செய்யப்படும் என்பதை அடித்துவிட்டு, 'நான் செய்கிறேன்' என்று திருத்தினார்.

அவருடைய அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை. அண்ணன் வண்ணப்பூச்சுக் கடை வைத்திருந்தார். தம்பிக்குத் துறைமுக வேலை வாங்கித் தந்ததும், கால் உடைந்தபோது ராப்பகலாக மருத்துவமனையில் கிடந்ததும் அவர்தான். அதனால் தம்பியைத் திட்டும் உரிமை தனக்கு உண்டு என்று நினைத்தார். அது நியாயமும்கூட.

"டேய், பண்றதுதான் பண்ற, உள் அறையில உட்கார்ந்து பண்ணக்கூடாதா? கடைக்கு வர்றவன் எல்லாம் என்கிட்ட விசாரிக்கிறான்."

"விசாரிச்சா விலாசம் குடுங்கண்ணா."

"உனக்கு உடம்பெல்லாம் திமிர்டா."

"கால்ல மட்டும் இல்ல. அது உடைஞ்சு போச்சு."

இந்தச் சமயத்தில்தான் மகளின் கல்யாணப் பேச்சு வந்தது. அவள் கூரியர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஓர் இளைஞனை அவளுக்குப் பிடித்திருந்தது, அவனுக்கும் அவளை. அவனுடைய அப்பா பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் கையில் இல்லாவிட்டாலும் ஊதுகிற மாதிரியே பேசுவார். குடும்பத்தோடு வந்து பேசுவதாகச் சொன்னார்கள்.

அவர்கள் வருகிற அன்று காலையில் அண்ணன் முதல் ஆளாக வந்துவிட்டார். தம்பி குளித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து பார்த்தால் ஜன்னலோர மேசை சுவரோரம் போயிருந்தது. அதன்மேல் பூ ஜாடி. அட்டையைக் காணோம். குறடு, கம்பிச் சுருள், டப்பா மூடிகள் எதுவும் இல்லை. சமையலறை வாசலில் ஒரு பெயின்ட் வாளி இருந்தது. மணிகள் அத்தனையும் அதற்குள். நீலமும் சிவப்பும் கண்ணாடியும் மரமுமாக, மாதக்கணக்கில் பிரித்து வைத்ததெல்லாம் ஒரே கலவையாகக் கிடந்தது.

"ஒரு நாளைக்குத்தாண்டா" என்றார் அண்ணன். "அவங்க போனதும் நானே எடுத்து வெச்சுத் தர்றேன்."

அவர் சத்தம் போடுவார் என்று மனைவி எதிர்பார்த்தாள். போடவில்லை. ஊன்றுகோலை அக்குளில் கொடுத்துக்கொண்டு ஒரு கையால் மேசையை இழுத்தார். பூ ஜாடி ஆடியது. மனைவி ஓடிவந்து பிடித்தாள். மேசை பழையபடி ஜன்னலுக்கு வந்தது. துவாலையை விரித்து, வாளியைத் தூக்கி அதன்மேல் கவிழ்த்தார். உட்கார்ந்து நீலத்தை ஒரு பக்கம், சிவப்பை ஒரு பக்கம் ஒதுக்கத் தொடங்கினார். அழைப்பு மணி அடித்தது.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. நலம் விசாரித்து முடிந்ததும் விளையாட்டு ஆசிரியரின் பார்வை மேசைக்குப் போனது.

"தம்பி துறைமுகத்துல பெரிய வேலையில இருந்தவன்" என்று அண்ணன் முந்திக்கொண்டார். "இப்போ ஓய்வு. சும்மா பொழுதுபோக்குக்கு..."

"பொழுதுபோக்கு இல்லைங்க" என்றார் கிரேன்காரர். "இதுதான் என் வேலை. நகை செய்றேன்."

"தங்கத்துலயா?"

"கம்பி, மணி."

விளையாட்டு ஆசிரியர் மீசையைத் தடவினார். அவருடைய மனைவி பக்கத்து நாற்காலியை மேசையருகே நகர்த்திப் போட்டு உட்கார்ந்து, குவியலிலிருந்து பச்சை மணிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"நீ என்ன பண்ற?" என்றார் கணவர்.

"சும்மாதானே உட்கார்ந்திருக்கேன். நீங்க பேசுங்க."

அவர் பேசினார். பையனுக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறது, தனக்கும் மறுப்பில்லை. ஒன்றே ஒன்றுதான். அழைப்பிதழில் 'துறைமுக அதிகாரி, ஓய்வு' என்று போட்டுக்கொள்ளலாம். இந்த மேசை உள்ளே போய்விட்டால் நன்றாக இருக்கும். உறவுக்காரர்கள் வந்து போகிற வீடு, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

"அதிகாரியா நான் இருந்ததே இல்லை" என்றார் கிரேன்காரர். "நாலு பேர் ஏற்கெனவே பேசிட்டாங்க. எனக்குப் பேர்கூட வெச்சாச்சு. மேசை இங்கேதான் இருக்கும்."

"பொண்ணு வாழ்க்கைங்க இது."

"தெரியும்."

"அப்போ யோசிச்சுச் சொல்லி அனுப்புறோம்" என்று விளையாட்டு ஆசிரியர் எழுந்தார். அவர் மனைவி கையிலிருந்த மணிகளைப் பச்சைக் குவியலில் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனாள். இளைஞன் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான், ஏதோ சொல்ல வாயெடுத்தான், அப்பா கூப்பிட்டதும் போய்விட்டான். அண்ணன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்.

மகள் அறையை விட்டு வெளியே வந்தாள். அழுத முகம் இல்லை. கோபத்தில் சிவந்த முகம்.

"நீங்க செய்ற வேலைக்கு நான் வெட்கப்பட்டதே இல்லப்பா. ஆபீஸ்ல எல்லாருக்கும் எங்கப்பா செஞ்சதுன்னுதான் காட்டறேன். ஆனா இன்னிக்குப் பேசினது என் கல்யாணம். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? பெரியப்பா வாளியில கொட்டினாங்க, நீங்க மேசையில கொட்டினீங்க. ரெண்டு பேரும் என்னைக் கேக்கல."

துறைமுக நிர்வாகத்துக்குச் சொன்ன பதில், சைக்கிள்காரனுக்கு மனதுக்குள் சொன்ன பதில், அண்ணனுக்குச் சொன்ன பதில், எதுவும் இவளுக்குப் பொருந்தவில்லை. கையிலிருந்த மணிகளைத் துவாலையில் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"இப்போ கேக்கறேன்" என்றார். "நீ சொன்னா உள்ளே எடுத்துட்டுப் போயிடறேன். மனசார."

அவர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளைத் தடுமாற வைத்தது. அப்பா இறங்கிவருவார் என்று அவள் நினைத்திருக்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் படாத அந்தப் பின்னறையை நினைத்துப் பார்த்தாள். அங்கே குனிந்து உட்கார்ந்து, அழைப்பு மணி அடிக்கும்போதெல்லாம் துவாலையால் மூடி வைக்கிற அப்பாவையும் நினைத்துப் பார்த்தாள்.

"வேண்டாம். அப்படி ஒளிச்சு வெச்சு நடக்கிற கல்யாணத்துல நான் சிரிச்சுக்கிட்டு நிக்க முடியாது. அவன்கிட்ட நான் பேசிக்கறேன்."

பேசினாள். சுலபமாக முடியவில்லை. விளையாட்டு ஆசிரியர் வெகுநாள் மகனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அவன், "நீங்க வந்தா சந்தோஷம், வராட்டியும் தேதி மாறாது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டான். எப்போதும் அப்பாவின் குரலுக்கு எழுந்து நின்றே பழகியவன் அப்படிச் சொன்னது அவனுக்கே ஆச்சரியமாக இருந்ததாம்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. அச்சடித்த அழைப்பிதழில் பெண்ணின் அப்பா பெயருக்குக் கீழே 'நகை செய்பவர்' என்று போட்டிருந்தது. அதை அச்சகத்தில் நின்று போட வைத்தது மகள். பெண் கழுத்தில் அவர் செய்த வெள்ளை மணி மாலை. கம்பி முனைகள் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. விளையாட்டு ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார், ஆனால் வந்திருந்தார். அண்ணன் எல்லோருக்கும் முன்னால் வந்து நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். தம்பியோடு பேசவில்லை. போட்டோ எடுக்கும்போது மட்டும் ஊன்றுகோல் வழுக்காமல் இருக்கப் பக்கத்தில் வந்து தோள் கொடுத்து நின்றார். வாளி விஷயத்தைப் பற்றி இருவரும் பிறகும் பேசிக்கொண்டதில்லை.

இப்போது அவர் வாரச் சந்தையில் ஓர் ஓரத்தில் கடை போடுகிறார். மனைவிக்கு விடுமுறை இருந்தால் அவளும் கூட வந்து உட்காருவாள். வருகிற பெண்கள் கம்மலை எடுத்துக் காதோரம் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கே, நீங்க செஞ்சதாம்மா?" என்று அவளைத்தான் கேட்பார்கள்.

"நான்" என்பார் அவர்.

சிலர் சிரிப்பார்கள். சிலர் நம்பாமல் அவர் கையைப் பார்ப்பார்கள். ஒன்றிரண்டு பேர் என்னவோ போல் முகத்தை வைத்துக்கொண்டு கம்மலைத் திரும்ப வைத்துவிட்டுப் போவதும் உண்டு. அவர் அவர்களைக் கூப்பிடுவதில்லை. வைத்ததை எடுத்துத் துடைத்து, பழைய இடத்தில் நேராக மாட்டுவார்.

போன வாரம் ஒரு அம்மா விடவில்லை. "சும்மா சொல்லாதீங்க, இவ்வளவு நுணுக்கம் ஒரு ஆம்பளைக்கு வருமா?" என்று மனைவி பக்கமே திரும்பி நின்றுகொண்டாள்.

மனைவி சாவகாசமாகப் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள்.

"எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராதும்மா" என்றாள். "அவரையே கேளுங்க. ஆனா பார்த்துக் கேளுங்க, பதில் கொஞ்சம் காரமா வரும்."