கூடத்துக் கடலும் பாவாவின் தகடும்

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவன் செய்யும் வேலைகளிலேயே அருவருப்பானது நுரைக் குப்பியைக் கழுவுவது. மீன் கழித்தது, தின்னாமல் விட்டது, அழுகியது எல்லாவற்றையும் ஒரு கருவி நுரையாக மேலே தள்ளி அந்தக் குப்பியில் சேர்க்கும். பழைய டிகாக்‌ஷன் நிறம், மீன் மார்க்கெட் சாக்கடை நாற்றம். திருத்தணியில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அதை மோந்து பார்க்காமல் போவதில்லை. மோந்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள். நானா மோந்து பார்க்கச் சொன்னேன்?

கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கிருந்து சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், என் வீட்டுக் கூடத்தில், உயிருள்ள பவளங்களை வளர்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மீன் யார் வேண்டுமானாலும் வளர்க்கலாம். பவளம் காலையில் விரிந்து, இரவில் மூடி, மெல்ல மெல்லக் கிளை விடுவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

அதற்கு ஒரு வருடம் திட்டம் போட்டேன். ஆள் படுக்கும் நீளத்துக்குத் தொட்டி. அந்தக் கனத்தை மாடி தாங்காது என்று மேஸ்திரி கையை விரித்துவிட்டதால் கீழ்க் கூடத்திலேயே செங்கல் மேடை கட்டிக் கடப்பைக் கல் பதித்தோம். எங்கள் போர் தண்ணீரைப் பக்கெட்டில் விட்டால் வெள்ளை வெள்ளையாகப் படியும். அதைச் சுத்திகரிக்க ஒரு மெஷின், அதில் கலக்க வாளி வாளியாகக் கடல் உப்பு, அடியில் பரப்ப மணல், பவளத்தை ஒட்டி வைக்கப் பாறைகள். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலுக்குத் தண்ணீரைக் குளிர வைக்க ஒரு மெஷின், கரண்ட் போனால் பம்பு ஓட இன்வெர்ட்டர். பவளம் வளரப் போடும் நீல விளக்கு வந்த அன்று எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "பார் தொறக்கிறீங்களா?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் விட நான் கறாராக இருந்தது ஒரு விஷயத்தில். பிளம்பர் பித்தளை வால்வு கொண்டுவந்தபோது திருப்பி அனுப்பினேன். செம்பு, பித்தளை எதுவும் இந்தத் தண்ணீரில் படக்கூடாது, மீன் ஓரளவு தாங்கும், பவளமும் நத்தையும் இறாலும் செத்துப்போகும் என்று கூடமே அதிரச் சொன்னேன். அப்போது அங்கே பிளம்பர் இருந்தார், என் மனைவி இருந்தாள், பாவாவும் இருந்தார்.

பாவா என்றால் அக்கா வீட்டுக்காரர். கே.ஜி.கண்டிகைப் பக்கம் நிலம் வைத்திருக்கிறார். பைக்கில் டீ குடிக்க வருவார். டீயோடு நிறுத்தினால் பரவாயில்லை, எங்கள் வீட்டில் ஆணி அடிப்பதற்குக்கூட அவரிடம் யோசனை இருக்கும். வெற்றிலை போட்ட விரலால் கண்ணாடியைத் தட்டி, "இத்த துன்னலாமா மச்சான்?" என்று ஒவ்வொரு மீனையும் காட்டிக் கேட்பார். அவர் போனதும் அந்தச் சிவப்புக் கறையை நான்தான் துடைக்க வேண்டும்.

பவளங்கள் பார்சலில் வந்த அன்று பூஜை போட வேண்டும் என்றாள் மனைவி. கண்ணாடிக்கு வெளியே என்றால் சரி என்றேன். அவளும் பாவாவும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார்கள். நான் பார்சலை எடுக்க ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் வந்தேன். பண்ணையில் வளர்த்த பவளத் துண்டுகள், சுத்தம் செய்ய நத்தைகள், இரண்டு சிவப்பு இறால், ஒரு கடல் சாமந்தி. சாமந்தி என்பது பூ அல்ல, விரல் விரலாக ஆடும் பிராணி. முதலில் வாங்கி விட்டிருந்த ஆரஞ்சுப் பட்டை மீன் ஜோடி அன்றே அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைப்பானேன்.

சில நாளில் நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்து மல்லாந்து கிடந்தன. இறால்கள் செத்தன. பவளங்கள் விரிய மறுத்தன. பிறகு தோல் உரிந்து வெள்ளை எலும்பாக நின்றன. கடல் சாமந்தி சளியாகக் கரைந்தது. கையால் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்தது. அந்த நாற்றம் சோப்புக்கும் போகவில்லை, சாதம் பிசையும்போதும் அடித்தது. சென்னைக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "செம்பு எதனா உள்ள போச்சா சார்?" என்றார். சத்தியமாக இல்லை என்றேன். மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

கடைசியில் பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். நடுப்பாறைக்கு அடியில், மணலுக்குள், உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு. கட்டம் போட்டு எழுத்து பொறித்த சக்கரத் தகடு. பாதி பச்சையாக அரித்துப்போயிருந்தது. அதைப் பிடித்தபடியே பாவாவுக்குப் போன் போட்டேன். உடனே வந்தார். கூச்சமே இல்லை.

"ஆங், நான்தான் வெச்சேன். பள்ளிப்பட்டுல சொல்லி எழுதிகினு வந்தேன். வர்றவன் போறவன் கண்ணெல்லாம் இது மேலதான கீது?"

"எல்லாம் செத்துப்போச்சு பாவா!"

"மீனு உசுரோடதான கீது? தகடு இல்லன்னா அதுவும் பூட்டிருக்கும்."

நான் மனைவியைப் பார்த்தேன்.

"நீங்க ஸ்டேஷனுக்குப் போனப்போ நான்தாங்க பாறையைத் தூக்கிப் புடிச்சேன்," என்றாள்.

"செம்பு ஆகாதுன்னு அன்னிக்கே கத்துனனே!"

"அது குழாய்க்குச் சொன்னீங்க. இது சாமி தகடாச்சே, செம்பா?"

அவள் கேலி செய்யவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது. பாவா தகட்டை வாங்கி, புளி போட்டுத் தேய்த்து, எங்கள் பூஜை அறையில் மாட்டிவிட்டு டீ கேட்டார். வீட்டுக்கு வர வேண்டிய கெட்டது அந்தப் பூச்சிகள் மேல் போய்விட்டது என்று உறவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அவர்களும் தலையாட்டினார்கள்.

செம்பு ஊறிய பாறையும் மணலும் இனி உதவாது. அள்ளி வெளியே கொட்டினேன். புதுசு வாங்கி, உப்பு கலந்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன். இப்போது மறுபடி சில பவளங்கள் இருக்கின்றன. ஒன்று கிளை விட்டிருக்கிறது.

தினமும் காலையில் எழுந்ததும், தொட்டிப் பக்கம்கூடத் திரும்பாமல், நேராகப் பூஜை அறைக்குப் போகிறேன். தகடு ஆணியில்தான் தொங்குகிறதா என்று பார்க்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் ஏக சந்தோஷம். மச்சானுக்கு இப்பத்தான் பக்தி வந்துகீது என்று பாவா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.