கூடத்தில் நின்ற புல்லட்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் பவுலின் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது ஒரு புல்லட். வாசலில் விட்டால் துருப் பிடிக்கும் என்று அவள் கணவர் கிளென் அதைக் கூடத்திலேயே நிறுத்தியிருந்தார். டிவி பார்க்க வேண்டுமானால் ஹேண்டிலுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் வாடை சாம்பார் வரைக்கும் வந்து சேரும். கிறிஸ்துமஸுக்குக் குடில் வைக்கக்கூட அந்த வீட்டில் இடம் கிடையாது. சமையல் மேடையில், மிக்ஸிக்குப் பக்கத்தில்தான் வருஷா வருஷம் குழந்தை இயேசு பிறப்பார்.

உண்மையில் அது பவுலினின் அப்பா தியோடரின் வண்டி. கோலார் தங்கவயல் சுரங்கத்து வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர், கடைசிக் காலத்தில் அதை மகள் பேருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் இருக்கிற பழைய வண்டி. இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏறினால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார்கள். அதனாலேயே பெங்களூரில் எந்த மூலையில் வண்டிக் கண்காட்சி நடந்தாலும் அதற்கு அழைப்பு வந்துவிடும். அங்கே எல்லாரும் அதை ‘கிளென் சார் வண்டி’ என்பார்கள். கிளென் சார் கையில் துணியோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டு நிற்க, பவுலின் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் டேங்கில் கை வைக்காமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருப்பாள்.

காவலோடு போயிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள். சில வருஷங்களுக்கு முன்னால் கிக்கர் திருப்பி அடித்ததில் கிளெனுக்கு முழங்கால் போயிற்று. ஓட்ட முடியும், உதைக்க முடியாது. சும்மா விட்டால் இன்ஜின் இறுகிவிடுமாம். எனவே உதைக்கிற வேலை பவுலின் தலையில் விழுந்தது. வாரம் முழுக்கப் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க் உத்தியோகம்; ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும் முன் புல்லட் உதைக்கும் உத்தியோகம். அவளுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, இடுப்பு என்று ஒன்று இருக்கிறது என்பதெல்லாம் அந்த இரும்புக்குத் தெரியுமா என்ன? சண்டை போடக்கூடத் தெம்பில்லாத அளவுக்கு அலுத்துப்போயிருந்தாள்.

இந்த வருஷம் மகள் கேரலுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்குத்தான் வர வேண்டும். ஆனால் அவள் போனில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள்.

“அந்த வண்டி ஹால்ல இருந்தா நான் வர மாட்டேன் மம்மி. பெட்ரோல் நாத்தத்துல குழந்தைய எங்க போடறது? இங்கயே எங்க அத்தை பாத்துப்பாங்க.”

ஊர் என்ன பேசும் என்பது கிடக்கட்டும். பெற்ற மகள் பிரசவத்துக்குத் தன்னிடம் வராமல் போய்விடுவாளோ என்பதுதான் பவுலினின் கவலை. அன்று மாலையே, “வித்துடலாங்க” என்றாள். ஒரு பிரளயத்துக்குத் தயாராகத்தான் சொன்னாள். கிளென் மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட்டார்.

சந்தாபுராவைத் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்து மைதானத்தில் அடுத்த கண்காட்சி. ஆள் உயர டயர் போட்ட ஜீப்புகள், மணப்பெண் மாதிரி ஜோடித்த லாரிகள், காதைக் கிழிக்கிற சைலன்சர்கள். வாங்க வந்தவன் நரேஷ், பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன் என்றான். சட்டை நனையும் வரை உதைத்தான். வண்டி இருமக்கூட இல்லை.

பவுலின் எழுந்து போனாள். புடவையைத் தூக்கிச் செருகி, ஹேண்டிலில் இருந்த சின்ன லீவரை அழுத்தி, கரண்ட் காட்டும் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, ஒரே உதை. வண்டி தடதடவென்று பிடித்துக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவளுக்கு இடுப்பு வலிதான் மிச்சம்.

“ஆன்டி, சூப்பர்! அங்கிள், நான் எடுத்துக்கறேன்” என்றான் நரேஷ். “ஆனா கியர இந்தப் பக்கம் மாத்திடுவேன். செல்ஃப் ஸ்டார்ட் வெச்சிடுவேன். சிக்னல்ல நின்னுபோனா இத்த யாரு ஒதைக்கறது?”

கிளெனின் முகம் செத்துப்போயிற்று. பழைய வண்டிக்காரர்களிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், வலது கியரை இடதுக்கு மாற்றுவேன் என்று மட்டும் சொல்லக் கூடாது.

“மாமா வண்டிய அறுத்துக் கூறு போடறவனுக்குத் தர மாட்டேன்” என்று ஒற்றைக் காலில் நின்றார். பக்கத்து வண்டிக்காரர்கள் தோளில் தட்டிக் கொடுத்தார்கள். தட்டியவர்களில் ஒருவர் வீட்டிலாவது கூடத்தில் வண்டி நிற்குமா என்று கேட்க வாயெடுத்துப் பவுலின் அடக்கிக்கொண்டாள்.

“அடுத்த ஷோவுல வேற ஆள் வருவான் பவுலின்.”

“அதுவரைக்கும் குழந்தை வயித்துலயே இருக்குமா?”

வண்டி ஓட்ட அப்பா சின்ன வயசிலேயே அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். பவுலின் ஸ்டார்ட்டில் இருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். மைதானத்தைக் குறுக்கே கடந்து, நரேஷ் கொண்டுவந்திருந்த டெம்போவின் பக்கத்தில் போய் நிறுத்தினாள்.

“வண்டி என் பேர்லதான் இருக்குது. எந்தப் பக்கம் வேணா மாத்திக்கோப்பா. ஏத்திக்க.”

சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். திரும்பி நடந்தவள் பாதி வழியில் நின்று வண்டியைப் பார்த்தாள்.

வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பினார்கள். கிளென் மடியில் இரண்டு ஹெல்மெட்டுகள். பொம்மசந்திரா வரும்வரை அவற்றைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தார்.

“மாமா என்னை மன்னிக்கவே மாட்டாரு” என்றார் கடைசியில்.

“விக்கச் சொன்னதே அப்பாதாங்க. ஆஸ்பத்திரியில கெடந்தப்பவே, ‘எனக்கப்புறம் இத்த வெச்சிக்கினு அல்லாடாதம்மா, வித்துடு’ன்னாரு.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க அத்தத் தொடச்சிக்கினு அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. உங்க ஆசைய நான் எதுக்குக் கெடுக்கணும்?”

கிளென் அவள் பக்கம் திரும்பினார்.

“என் ஆசையா? கால் போன அன்னைக்கே எனக்கு வெறுத்துப்போச்சு பவுலின். உங்கப்பா ஞாபகமா உனக்கு இருக்கறது அது ஒண்ணுதான், எடுத்துட்டா நீ ஒடஞ்சுபோயிடுவேன்னு நெனச்சேன். உனக்காகத்தான் தொடச்சேன்.”

பவுலின் அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிற முகமாக இல்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை; இரண்டுக்கும் உடம்பில் தெம்பில்லை. அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, சில்க் போர்டு நிறுத்தம் வரும்வரை தூங்கினாள்.